திருக்கை முள்ளும் வைட்டமின் சி ஊசியும்

மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கங்களிலிருந்து கை கால் காயத்துடன் மருத்துவமனைக்கு வருபவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: வலையை உதறும்போது திருக்கை முள் குத்திவிட்டது, பாசி எடுக்கப் போன இடத்தில் பாரில் (கடலடிப் பாறையில்) கால் கிழித்துவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிவிட்டு மறுநாளும் கடலுக்குப் போவார்கள். பலருக்கு ஆறியும் விடும். சர்க்கரை நோயோ கல்லீரல் பாதிப்போ உள்ள சிலருக்கு மட்டும், விப்ரியோ வல்னிஃபிகஸ் போன்ற கடல்நீர்க் கிருமியோ ஸ்ட்ரெப்டோகாக்கஸோ தசையை மூடியிருக்கும் தசையுறை வரை இறங்கி, ஓரிரு நாளுக்குள் செப்சிஸில், அதாவது தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலையில், கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

அப்படி ஐசியூவில் இருந்த ஒரு மீனவரின் மகன், கைபேசியை நீட்டி, "சார், வைட்டமின் சியும் ஸ்டீராய்டும் சேத்துப் போட்டா பொழச்சுக்குவாங்களாம், அப்பாவுக்கும் போட்டுப் பாருங்க சார்" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. 2017இல் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் அத்தனை பேரும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டதும் அதைத்தான்.

அமெரிக்காவின் நார்ஃபோக் நகரில் பால் மாரிக் என்ற மருத்துவர், 6 மணிக்கொரு முறை 1.5 கிராம் வைட்டமின் சியும் 50 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டும், 12 மணிக்கொரு முறை 200 மி.கி. தயாமினும் (வைட்டமின் பி1) 47 பேருக்குக் கொடுத்து, முந்தைய மாதங்களில் அவற்றைப் பெறாத 47 பேருடன் ஒப்பிட்டார். இறப்பு முன்பு 40.4 விழுக்காடு, பின்பு 8.5 விழுக்காடு என்று முடிவு வந்தது. செப்சிஸில் இரத்தத்தின் வைட்டமின் சி அளவு வெகுவாகக் குறைவதும், இரத்த அழுத்தத்தைத் தாங்கும் நார்அட்ரினலினை உடல் உருவாக்க அந்த வைட்டமின் தேவைப்படுவதும் உண்மை என்பதால் நம்பிக்கை இன்னும் வலுத்தது. ஆனால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காமல் முன்னே வந்தவர், பின்னே வந்தவர் என்று ஒப்பிட்டால், இடையில் சிகிச்சையில் மாறிய மற்றவற்றின் பலனும் மருந்தின் கணக்கிலேயே சேர்ந்துவிடும்.

குலுக்கல் முறையில் சோதித்தபோது அந்தப் பலன் காணாமற்போனது. 2020இல் 216 பேரிடம் நடந்த விட்டமின்ஸ் ஆய்வில், மூன்றையும் பெற்றவர்கள் ஹைட்ரோகார்டிசோன் மட்டும் பெற்றவர்களைவிட விரைவில் ஷாக்கிலிருந்து (இரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரிந்த நிலையிலிருந்து) மீளவில்லை. 2022இல் 872 பேரைச் சேர்த்த லோவிட் ஆய்விலோ, 28ஆம் நாளில் இறந்தவர்களும் உறுப்புச் செயலிழப்பு நீங்காதவர்களும் வைட்டமின் சி பெற்ற அணியில் 44.5 விழுக்காடு, பெறாத அணியில் 38.5 விழுக்காடு. ஸ்டீராய்டின் நிலை வேறு: இரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்து தொடர்ந்து தேவைப்படுபவர்களுக்கு, ஒரு நாளைக்கு 200 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் ஷாக்கை விரைவில் தணிக்கிறது. அதை நாங்களும் தருகிறோம்.

இந்த ஆய்வுகளில் தோல், தசைத் தொற்றுள்ளவர்கள் சிறுபான்மையே, ஆகவே அவர்களிடம் தனியாகச் சோதிக்கலாமே என்று வாதிடலாம். எனக்கு அதில் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. இந்தத் தொற்றில், காயத்தைச் சுற்றிய சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், சிவப்பு கோட்டைத் தாண்டியிருக்கும். தோல் கருநீலமாகிக் கொப்புளம் கட்டும். கண்ணுக்குத் தெரியும் காயத்துக்கும் நோயாளி துடிக்கும் வலிக்கும் சம்பந்தமே இருக்காது. கத்தி வைத்தால் கழுநீர் போலக் கலங்கல் நீர் வடியும், செத்த தசையுறை விரலுக்கே பிரிந்து வரும். இரத்த ஓட்டம் நின்றுபோன அந்தத் திசுவுக்குள் டாக்ஸிசைக்ளின், செஃப்டாசிடைம் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகளும்கூடச் சரியாகப் போய்ச் சேராதபோது வைட்டமின் எப்படிச் சேரும்? அதை வெட்டி அகற்றுவதில் ஆகும் தாமதம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது, அந்தத் தாமதத்தில் மதுரைக்கு அனுப்பும் 100 கி.மீ.க்கு மேற்பட்ட சாலையும் சேர்த்தி.

ஆகவே அப்படியொரு சோதனையை யாராவது நடத்தினால், வந்த நேரத்துக்கும் அறுவை அரங்குக்குள் நுழைந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொருவருக்கும் குறித்து, இரு அணியிலும் அது சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கத்தியின் பலன் ஊசியின் பெயரில் பதிவாகும். இன்னொன்று, நம் நோயாளிகளில் பலர் சர்க்கரைக்காரர்கள். அதிக அளவு வைட்டமின் சி ஏற்றினால், விரலில் குத்திப் பார்க்கும் சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் ஏற்றினால் தாழ்சர்க்கரையிலேயே ஆளை இழக்க நேரிடும். ஹைட்ரோகார்டிசோன் உண்மையாகவே சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால் எது மெய், எது பொய் என்று படுக்கையருகே பிரித்தறியவும் முடியாது. வைட்டமின் சி ஏறும் நாட்களிலும் அதற்கு அடுத்த நாளும் ஆய்வகத்தில் பார்த்த அளவை வைத்தே இன்சுலினை முடிவு செய்ய வேண்டும். இரவு நேரத்தில் அந்த வசதி இல்லாத மருத்துவமனையை இச்சோதனையில் சேர்க்கவே கூடாது.