அப்துல் காதிர் என்னும் பெயர்

கீழக்கரையில் எங்கள் தெருமுனையில் நின்று "காதரு" என்று உரக்க அழைத்தால், வலைக் கிழிசலைப் பின்னும் கையை நிறுத்தி மூன்று பேராவது நிமிர்ந்து பார்ப்பார்கள். பாக்தாதில் 1166-இல் மறைந்த சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானியின் நினைவாகத் தொடரும் பெயர் இது. உமறுப்புலவரை ஆதரித்து, செத்தும் கொடுத்தவராக இன்றும் பேசப்படும் எங்கள் சீதக்காதி வள்ளலின் இயற்பெயரும் செய்கு அப்துல் காதிர்தான். டெஸ்ட் ஆட்டங்களில் 236 விக்கெட் வீழ்த்திய பாகிஸ்தான் சுழற்பந்து வீச்சாளர் இன்னொருவர். ஆனால் என் மனம் ஒன்றிப்போவது அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிரிடம்: 1832 முதல் 1847 வரை பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போரிட்ட அவர், 1860-இல் டமாஸ்கஸில் கலவரம் மூண்டபோது ஆயிரக்கணக்கான கிறித்தவர்களுக்கு அடைக்கலம் தந்து காத்தார். சென்ற வாரம் என் மகன் தன் பிள்ளையின் காதில் இந்தப் பெயரை மெல்லச் சொன்னபோது, வள்ளலும் அமீரும் ஒருசேர என் நினைவுக்கு வந்தார்கள்.