குழி தோண்டும் முன் கத்தியை எடுங்கள்

செத்த திமிங்கலம் ஒன்று கரை ஒதுங்கினால், எங்கள் பக்கத்தில் கால்நடை மருத்துவருக்கு முன்பே ஜேசிபி வந்துவிடும். விடியற்காலையில் கடலுக்குப் போகும் பைபர் படகுக்காரர்தான் அதை முதலில் பார்ப்பார். அவர் ஊராட்சித் தலைவரிடம் சொல்வார். தலைவர் கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் செய்வார். அங்கிருந்து தாசில்தார், வனத்துறை, கடலோரக் காவல் நிலையம் என்று செய்தி ஓடும். வெயில் ஏறுவதற்குள் ஊரே கரையில் நிற்கும், குழியும் தயாராகிவிடும். அதன் பிறகுதான் பிரேதப் பரிசோதனைச் சான்று வேண்டும் என்று யாருக்காவது நினைவு வரும். என் போன் அடிப்பது அப்போதுதான்.

தூத்துக்குடி மாவட்டத்தின் கடலோர ஊர்களில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மாடும் ஆடும் கோழியும்தான் என் அன்றாட வேலை. ஆனால் திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு வரை உள்ள கரையோரம் பணிக்கு வருபவர் ஆமையையும் ஓங்கில் என்கிற டால்பினையும் எப்போதாவது ஒரு திமிங்கலத்தையும் பார்த்தே ஆக வேண்டும். கல்லூரியில் யாரும் எங்களுக்கு அதைக் கற்றுத் தரவில்லை. மாட்டை அறுத்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் முப்பது நாற்பது அடி உடலின் முன் நிற்கிறோம்.

அவசரத்துக்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, இறந்து கிடக்கும் காட்டுயிர் அரசின் சொத்து. ஆகவே உடல் வனத்துறையின் பொறுப்பு. அது கிடக்கும் நிலம் வருவாய்த்துறையைச் சேர்ந்தது. நாற்றம் எழுந்தால் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது ஊராட்சி. அறுக்க வேண்டியவர் கால்நடைத்துறை மருத்துவர். ஜேசிபிக்கோ மணிக்கணக்கில் வாடகை ஏறுகிறது. அந்தப் பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற குழப்பத்தில், களத்தில் நிற்கும் அலுவலர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் சீக்கிரம் மூடிவிட நினைப்பதில் என்ன வியப்பு?

ஆனாலும் ஒரு நாளின் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பல்லுக்குப் பதிலாக வாயில் சல்லடைத் தகடுகள் கொண்ட வகைத் திமிங்கலம் அது. வால் தொடங்கும் இடத்தில் சுற்றிலும் ஒரு வெட்டுக்காயம் இருந்தது. உயிரோடு இருந்தபோது வலைக்கயிறு இறுக்கியதா, செத்த பிறகு யாராவது கயிறு கட்டி இழுத்ததா? உயிருள்ளபோது பட்ட காயமென்றால் ஓரங்களில் இரத்தம் கட்டியிருக்கும், திசு வீங்கியிருக்கும். தோலைக் கீறி உள்ளே பார்த்திருந்தால் விடை கிடைத்திருக்கும்.

"டாக்டரம்மா, கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. மதியத்துக்குள் மூடியாக வேண்டும்" என்றார் பொறுப்பில் இருந்தவர். நான் கையுறையை மாட்டி முடிப்பதற்குள் ஜேசிபியின் வாளி இறங்கிவிட்டது. காயம் இருந்த இடமே கிழிந்து தனியாக வந்தது. பக்கத்தில் நின்ற வயதான மீனவர் ஒருவர், "கொஞ்சம் பொறுத்தால் என்ன அண்ணாச்சி, அந்த அம்மா பார்க்கட்டுமே" என்று ஓட்டுநரிடம் சத்தம் போட்டார். எஞ்சின் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. "அழுகிய நிலை. இறப்பின் காரணம் கண்டறிய இயலவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கண்டறிய விட்டிருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன்.

உடலைத் திறந்தால் என்ன தெரியும் என்று கேட்கிறார்கள். எவ்வளவோ தெரியும். கப்பல் மோதியிருந்தால் எலும்பு முறிவும் அதைச் சுற்றி இரத்தக்கட்டும் இருக்கும். பட்டினி கிடந்திருந்தால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மெலிந்திருக்கும். குட்டி ஈன்றதா, பால் சுரந்ததா, குடலில் எவ்வளவு புழு என்பதெல்லாம் தெரியவரும். 2018 நவம்பரில் இந்தோனேசியாவின் வாகடோபி பகுதியில் கரை ஒதுங்கிய எண்ணெய்த் திமிங்கலத்தின் வயிற்றில் 5.9 கிலோ பிளாஸ்டிக் கிடந்தது. அதில் 115 பிளாஸ்டிக் கோப்பைகளும் இரண்டு ரப்பர் செருப்புகளும் அடக்கம். மறு ஆண்டு மார்ச்சில் பிலிப்பைன்ஸில் இறந்த இன்னொரு வகைத் திமிங்கலத்தின் வயிற்றில் 40 கிலோ இருந்தது. திறந்து பார்க்காமல் புதைத்திருந்தால் இந்த இரண்டு செய்திகளுமே நமக்கு வந்திருக்காது.

திறப்பதற்கும் முறை உண்டு. தடித்த கொழுப்புப் படலம் உடற்சூட்டை வெளியே விடாது. ஆகவே செத்த பிறகும் உள்ளே வெந்துகொண்டே அழுகும், வாயு சேரும், வயிறு உப்பும். அந்த நேரத்தில் பிள்ளைகளை மேலே ஏற்றிப் படம் எடுக்கிறார்கள். பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். 2004 ஜனவரியில் தைவானின் தைனான் நகரில், ஆய்வுக்காக லாரியில் ஏற்றிச் சென்ற 17 மீட்டர் நீள எண்ணெய்த் திமிங்கலம் நடுத்தெருவில் வெடித்தது. கடைகளின் மீதும் வண்டிகளின் மீதும் இரத்தமும் குடலும் சிதறின. நீண்ட கைப்பிடி கொண்ட கத்தியால், பக்கவாட்டில் தள்ளி நின்று, சிறு துளையிட்டு முதலில் வாயுவை வெளியேற்ற வேண்டும். கூட்டத்தைக் காற்று வரும் பக்கம் தள்ளி நிறுத்த வேண்டும். கயிறு கட்டுவதற்கு இரண்டு காவலர்கள் இருந்தால் போதும்.

அதிகாரிகள் திமிங்கலத்தை அகற்றிய கதைகளில் உலகம் அதிகம் பேசுவது அமெரிக்காவின் ஆரகன் மாநிலக் கதையைத்தான். 1970 நவம்பர் 12 அன்று ஃபிளாரன்ஸ் ஊருக்கு அருகே 45 அடி எண்ணெய்த் திமிங்கலத்துக்கு அடியில் அரை டன் டைனமைட் வைத்தார்கள். அங்கே கடற்கரை அப்போது மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருந்தது. புதைத்தால் அலை மணலை அரித்து மீண்டும் வெளியே கொண்டுவந்துவிடும் என்று அவர்கள் கருதினார்கள். சிறு துண்டுகளாகச் சிதறினால் கடற்பறவைகளும் நண்டுகளும் தின்று தீர்த்துவிடும் என்று கணக்கிட்டார்கள். வெடித்தபோது பெரும் துண்டுகள் வானத்திலிருந்து விழுந்தன. கால் மைல் தொலைவில் நின்ற கார் ஒன்று நசுங்கியது. உடலின் பெரும்பகுதி கிடந்த இடத்திலேயே கிடந்தது. சாலை போடத் தெரிந்தவர்களிடம் திமிங்கலத்தை ஒப்படைத்தால், பாறையைத் தகர்ப்பது போலத்தான் அவர்கள் யோசிப்பார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 1979-இல் அதே ஊரருகே 41 எண்ணெய்த் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது வெடி வைக்கவில்லை. எரித்தும் புதைத்தும் அகற்றினார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எல்லோரும் அந்த வெடியைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த உயிர் எதனால் செத்தது என்று கேட்பவர் இல்லை.

பிரிட்டனில் 1913 முதல் கரை ஒதுங்கும் திமிங்கலங்களுக்குப் பதிவேடு இருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தொடங்கிய பழக்கம் அது. நியூசிலாந்தில் 2024 ஜூலையில் ஒட்டாகோ பகுதியில் 5 மீட்டர் நீளத் திமிங்கலம் ஒன்று ஒதுங்கியது. உலகிலேயே மிக அரிதான வகை. அதைக் கிரேன் வைத்துத் தூக்கிக் குளிர்பதனக் கிடங்கில் வைத்தார்கள். அந்தப் பகுதி மாவோரி மக்களோடு அமர்ந்து பேசி, டிசம்பரில் அவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து அறுத்தார்கள். வயிற்றில் ஒன்பது அறைகள் இருந்தது தெரிந்தது. தலையில் பட்ட அடியால் இறந்திருக்கலாம் என்ற முடிவுக்கும் வந்தார்கள். எலும்பில் யாருக்கு எந்தப் பகுதி என்பதையும் பேசியே தீர்த்தார்கள். பொறுமையாக இருந்ததால் எல்லோருக்கும் பங்கு கிடைத்தது.

நம் கரைக்கு வருகிறேன். 2016 ஜனவரி 11 மாலையிலிருந்து ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு கரைகளில் 80-க்கும் மேற்பட்ட குட்டைத் துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் ஏறின. மீனவர்கள் இரவு முழுக்கத் தண்ணீரில் நின்று அவற்றைப் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துவிட்டார்கள். கூட்டமாக வாழும் உயிர்கள் என்பதால், விட்டவற்றில் பல மீண்டும் கரைக்கே வந்தன. பாதிக்கும் மேல் இறந்தன. மாதிரிகள் எடுத்துக்கொண்டு கரையிலேயே புதைத்தார்கள். 1973 ஜனவரியில் இதே கரையில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் பதிவு செய்து வைத்திருந்ததால்தான் இரண்டையும் இன்று சேர்த்துப் பேச முடிகிறது. அதே மாதம், அதே கரை. ஏன் என்ற கேள்விக்கு விடை தேடுகிறவர்களுக்கு ஒவ்வொரு காது எலும்பும் ஒவ்வொரு பல்லும் வேண்டும்.

2021 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இதற்கென வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதன் சுருக்கம் ஒரே தாளில், தமிழில், கடலோர ஊராட்சி ஒவ்வொன்றின் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். யாரை அழைப்பது, எவ்வளவு தள்ளி நிற்பது, எதைத் தொடக்கூடாது என்பவை அதில் இருந்தால் போதும். திமிங்கலக் குடலில் உண்டாகி, வாசனைத் திரவியத்துக்காக விலை போகும் மெழுகு போன்ற அம்பர்கிரிஸ் பற்றியும் ஒரு வரி வேண்டும். எந்தத் திமிங்கலத்தைக் கண்டாலும் வயிற்றில் கோடிக்கணக்கில் பணம் இருப்பதாக நினைத்து இரவோடு இரவாக வெட்ட வருகிறார்கள். அது எண்ணெய்த் திமிங்கல வகையில் மட்டுமே உண்டாகும், அதிலும் அபூர்வம். வைத்திருந்தால் சிறை.

வாடகைப் பணத்துக்கு மாவட்ட அளவில் முன்கூட்டியே ஒரு தொகை ஒதுக்கிவிட்டால், வாளிக்கு முன் கத்தி இறங்க வழி பிறக்கும். புதைத்த பிறகு குழியின் இடத்தைக் கோப்பில் குறித்துவைத்தால், சதை மக்கிய பின் எலும்புக்கூட்டை எடுத்து ஒரு கல்லூரிக்குக் கொடுக்கலாம். 2016-இல் ஜேசிபி ஓட்டியவர்களும் குழி வெட்டியவர்களும் இன்னும் இந்த ஊர்களில்தான் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துப் போய், நினைவிருக்கும் இடங்களைக் கிராம வரைபடத்தில் குறித்து வருகிறேன். மணப்பாட்டுப் பக்கம் வேலை ஏறக்குறைய முடிந்தது. கல்லாமொழியில் அன்று கரையில் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், இடத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். வந்து பார்த்துக் குறித்துக்கொள்கிறேன்.