ஸ்கிரிப்ட் எங்கே நின்று ஓடுகிறது?

5 பெப்ரவரி 2024, திங்கள்

பெரும்போக அறுவடைக் காலம். வலையிறவுப் பாலம் தாண்டினால் படுவான்கரை வீதியோரமெல்லாம் நெல் காய்கிறது. வவுணதீவுப் பக்கத்து ஆலை ஒன்றின் நெல் கொள்வனவுக் கணக்கு பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஓடுகிறது. முன்பு யாரோ எழுதிக் கொடுத்தது. சேர்வரும் ஆலை அலுவலகத்திலேயே இருக்கிறது: உபுண்டு, வெப்சேர்வராக அப்பாச்சி, அதற்குள் மொடியூலாகப் பிஎச்பி.

அன்றைய மூடைக் கணக்கை இரவில் கிரோன், அதாவது குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் புரோகிராம், ஒரு சிஎஸ்வி பைலாக எழுதி வைக்க வேண்டும். பிரவுசரில் பட்டனை அழுத்தினால் பைல் வருகிறது. இரவில் வருவதில்லை.

"பகல்ல ஒழுங்காச் செய்யுது, ராவைக்குப் படுத்திருது மனே. நம்மட பொடியன்மாரப் போலத்தான்" என்கிறார் முதலாளி.

6 பெப்ரவரி, செவ்வாய்

கிரோன் தன் புலம்பலை மெயிலில் அனுப்பும். இந்த மெஷினில் மெயில் அனுப்ப எதுவும் நிறுவவில்லை, ஆகவே அதெல்லாம் காற்றோடு போயிருக்கிறது. வெளியீட்டை ஒரு பைலுக்குத் திருப்பிவிட்டு வந்தேன்.

7 பெப்ரவரி, புதன்

அகப்பட்டது. பைலைத் திறக்கும் எப்ஓப்பன் வரியில் "அப்படியொரு பைலோ போல்டரோ இல்லை" என்று எச்சரிக்கை. அந்த வரியில் இருப்பது வெறும் போல்டர் பெயரும் பைல் பெயரும்தான், முழுப் பாதை இல்லை. அப்பாச்சிக்குள் ஓடும்போது, கூப்பிட்ட ஸ்கிரிப்ட் இருக்கும் போல்டரே வேர்க்கிங் டிரெக்டரி, அதாவது வெறும் பாதைகளைத் தேடத் தொடங்கும் இடம். கட்டளை வரியில் ஓடும் பிஎச்பி அப்படி நகராது, கூப்பிட்ட இடத்திலேயே நிற்கும். கிரோனோ பயனரின் ஹோம் போல்டரிலிருந்து கூப்பிடுகிறது. அங்கே அந்தப் போல்டர் ஏது?

என்னைக் குழப்பியது வேறொன்று. அதே ஸ்கிரிப்டின் தலையில் செட்டிங்ஸ் பைலை இன்குளூட் செய்கிற (உள்ளே சேர்க்கிற) வரியிலும் வெறும் பெயர்தான். அது மட்டும் இரவிலும் வேலை செய்திருக்கிறது, தரவுத்தளமும் திறந்திருக்கிறது. காரணம், வெறும் பெயர் கொடுத்தால் இன்குளூட் முதலில் இன்குளூட் பாத் பட்டியலைப் பார்க்கும், பிறகு கூப்பிடும் ஸ்கிரிப்டின் சொந்தப் போல்டரையும் பார்க்கும். பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் போட்டால் அந்தச் சலுகை இல்லை, வேர்க்கிங் டிரெக்டரி மட்டும்தான். எப்ஓப்பனுக்குத் தானாக அந்தச் சலுகை கிடைப்பதில்லை. பாதி வேலை செய்கிற ஸ்கிரிப்டைப் போல ஆளைச் சுற்றவைப்பது எதுவுமில்லை.

கிரோன் வரியிலேயே முதலில் போல்டர் மாற்றும் சிடி கட்டளையைப் போட்டு நகர்த்திவிடலாம், பலர் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஸ்கிரிப்டுக்குத் தேவையான விஷயம் கிரோன் பட்டியலில் ஒளிந்திருக்கும். சேர்வர் மாற்றுகிறவனுக்கு அது தெரியாது. ஸ்கிரிப்டுக்குள் அதே வேலை செய்யும் சிஎச்டிர் போட்டால் அதற்குப் பிறகு வரும் எல்லா வெறும் பாதைகளும் சேர்ந்து நகரும், மற்றவர் எழுதிய லைப்ரரிகள் உட்பட. முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட டிர் மாறிலிதான் என் தெரிவு. எந்தப் பைலில் எழுதினோமோ அந்தப் பைலின் போல்டரையே தரும், யார் கூப்பிட்டாலும் மாறாது. 2009இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதற்கு முன் டிர்நேமுக்குள் பைல் மாறிலியைப் போட்டு எழுதினார்கள்.

9 பெப்ரவரி, வெள்ளி

இரண்டு இரவும் சிஎஸ்வி வந்தது. இப்போது தலைகீழான ஒன்று. ஸ்கிரிப்ட் முடியும்போது பிழைகளை ஒரு பைலில் குறிக்க ஒரு ஷட்டவுன் பங்ஷன் இருக்கிறது. அது இரவில் ஒழுங்காக எழுதுகிறது, பகலில் பிரவுசரிலிருந்து வந்தால் எழுதுவதில்லை!

பங்ஷனுக்குள், வேர்க்கிங் டிரெக்டரி எதுவென்று சொல்லும் கெட்சிடபிள்யூடியைக் கூப்பிட்டு, வந்த விடையை அப்பாச்சியின் எரர் லொக்கில் எழுதவைத்தேன். ஒற்றைச் சாய்கோடு, அதாவது டிஸ்கின் வேர். அங்கே எழுத அப்பாச்சியின் பயனருக்கு அனுமதி இல்லை. ஷட்டவுன் கட்டத்தில் சில வெப்சேர்வர்களில் வேர்க்கிங் டிரெக்டரி மாறலாம் என்று பிஎச்பி கையேடே அப்பாச்சியைப் பெயர் சொல்லி எச்சரிக்கிறது. வெளியீட்டைச் சேர்த்து வைத்து அனுப்பும் அவுட்புட் பபரிங்கின் கோல்பேக்குக்கும் அதே எச்சரிக்கை உண்டு. கட்டளை வரியில் இடையில் நின்று இடம் மாற்ற அப்பாச்சி இல்லை, அதனால்தான் இரவில் சிக்கல் வரவில்லை.

இங்கே தொடக்கத்தில் சிஎச்டிர் போட்டிருந்தாலும் உதவியிருக்காது. டிர் மாறிலி உதவியது.

12 பெப்ரவரி, திங்கள்

மிச்ச வெறும் பாதைகளைத் தேடித் திருத்தினேன். சோதிக்க, டெர்மினலில் டிஸ்கின் வேருக்குப் போய் அங்கிருந்து முழுப் பாதை கொடுத்து ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் ஓட்டினேன். ஒன்று மட்டும் விழுந்தது: மூடைச் சிட்டைக்கு ஆலையின் லோகோவை எடுக்கும் வரி. அதையும் மாற்றியாயிற்று.

முதலாளிக்கு இனி அறிக்கை விடிய ஐந்து மணிக்கு வேண்டுமாம், லொறி புறப்பட முதல்.