ஒரு மாத்திரைக்கு இன்னொரு மாத்திரை

அப்பாவின் கால் வீக்கத்தை நான் முதலில் கண்டுகொண்டது அவருடைய சாக்ஸைக் கழற்றிவிட்டபோதுதான். கணுக்காலுக்கு மேல் சாக்ஸின் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது. பக்கத்தில் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி எடுத்தேன். விழுந்த குழி உடனே மறையவில்லை. "வயசானா அப்படித்தாம்மா" என்றார். அவருக்கு வயது 71.

வீக்கத்துக்கு ஒரு டாக்டர் நீர் பிரிவதற்கான ஃபுரோசமைடு எழுதினார். வீக்கம் லேசாகத்தான் வற்றியது. ஆனால் சில வாரத்தில் ஒரு விடியற்காலை, கட்டிலை விட்டு எழுந்தவர் தலை சுற்றி, கதவு நிலையைப் பிடித்தபடியே தரையில் சரிந்துவிட்டார். நல்லவேளை, அடிபடவில்லை. தலைசுற்றலுக்கு வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் அதற்கு ஒரு மாத்திரை எழுதினார். அந்தச் சீட்டைப் பார்த்தபோதுதான் எனக்குள் ஏதோ உறுத்தியது. ஒவ்வொரு தொந்தரவுக்கும் ஒரு மாத்திரை சேர்ந்துகொண்டே போகிறதே, இதில் எது நோய், எது மருந்தின் வேலை?

புது மாத்திரையை வாங்காமல் நேரே வீட்டுக்கு வந்தோம். அன்று இரவு அலமாரி, தலையணை அடி, சட்டைப்பை என்று எல்லா இடத்திலிருந்தும் மருந்துகளை எடுத்து மேசையில் பரப்பினேன். ஓர் அட்டையைப் பெயர் இருந்த பக்கமாகவே கத்தரித்திருந்தார்கள். மிச்சம் இருந்த நாலு மாத்திரைக்குப் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. அதை ஒதுக்கி வைத்தேன். மற்ற அட்டைகளில் பொடி எழுத்தில் இருந்ததைக் கைப்பேசியில் படம் எடுத்து, பெரிதாக்கிப் படித்தேன். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். நமக்கு வேண்டியது அதன் கீழே பொடியாக இருக்கும் மருந்தின் பெயர்தான். இரண்டு கம்பெனிப் பெயரில் ஒரே மருந்தை இரண்டு தடவை விழுங்குவது அப்படித்தான் நடக்கிறது.

அப்புறம் ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் எந்த மாத்திரை, என்ன அளவு, எந்தத் தேதியில் தொடங்கியது. வலப்பக்கம் என்ன தொந்தரவு, எப்போது முதல். தேதிகளைப் பழைய சீட்டுகளிலிருந்தும் மருந்துக்கடை பில்களிலிருந்தும் எடுத்தேன்.

டைக்ளோஃபெனாக்கில்தான் நான் அதிர்ந்துபோனேன். முட்டிவலிக்காக 10 நாளைக்கு மட்டும் எழுதப்பட்ட மாத்திரை அது. அப்பா நாலு மாதமாகத் தினம் இரண்டு போட்டுக்கொண்டிருந்தார். "வலி மாத்திரைதானே, அதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லணுமா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன், நாங்கள் யாருமே அவரிடம் கேட்டதில்லை.

தேதி வரிசையில் படித்தால் கதை தெளிவாக இருந்தது. டைக்ளோஃபெனாக் தொடங்கிய பிறகு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. அதனால் அழுத்தத்துக்கான அம்லோடிபின் 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆனது. மூன்றாம் வாரம் கால் வீக்கம். அதற்கு ஃபுரோசமைடு. அதன் பிறகு தலைசுற்றல்.

மறுநாள் நோட்டையும் மருந்துப் பையையும் தூக்கிக்கொண்டு, அப்பாவை நெடுநாளாகப் பார்த்துவரும் டாக்டரிடம் போனோம். எனக்குத் தோன்றியதைச் சொல்லாமல் நோட்டை மட்டும் நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். அப்பாவைப் படுக்க வைத்து அழுத்தம் பார்த்தார்: மேல் எண் 138. எழுந்து நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்த்தார்: 112. நின்றதும் 20 புள்ளிக்கு மேல் இறங்கினாலே கவனிக்க வேண்டும் என்றார். வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். அம்லோடிபின், அதுவும் கூடுதல் அளவில், கணுக்காலில் நீர் கோக்க வைக்கும். அந்த வீக்கம் நீர் மாத்திரைக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது என்று பொறுமையாக விளக்கினார். அழுத்தத்துக்கான இன்னொரு மாத்திரையான லோசார்டானும் அப்பா எடுத்துவந்தார். லோசார்டான், நீர் மாத்திரை, டைக்ளோஃபெனாக் மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று சொல்லி, சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின், அதோடு சோடியம், பொட்டாசியம் பார்க்க அன்றைக்கே ரத்தம் எடுக்கச் சொன்னார். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

அப்பாவுக்கோ கோபம். எல்லா மாத்திரையையும் அன்றோடு தூக்கிப் போட்டுவிடலாம் என்றார். டாக்டர் விடவில்லை. சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்துவதே ஆபத்து. ஸ்டீராய்டும் இதயத்துடிப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளும் அப்படிப்பட்டவை என்றார். அப்பாவுக்கு டைக்ளோஃபெனாக், ஃபுரோசமைடு இரண்டையும் நிறுத்தி, அம்லோடிபினைப் பழைய 5க்கே கொண்டுவந்தார். லோசார்டான் தொடர்ந்தது. முட்டிக்குப் பாராசிட்டமால், ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற வரம்போடு. சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும், சேர்த்துக் கணக்குப் பாருங்கள் என்றும் சொன்னார். தலைசுற்றல் மாத்திரைக்குத் தேவையே வரவில்லை.

இரண்டு வாரம் காலையில் நின்றும் உட்கார்ந்தும் அழுத்தம் பார்த்து எழுதினோம். வீக்கம் மெல்ல வற்றியது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினினும் இறங்கியிருந்தது.

இப்போது புதிதாக ஒரு மருந்து எழுதினால் அங்கேயே கேட்டுவிடுகிறேன்: எத்தனை நாளைக்கு, எது வந்தால் உங்களைக் கூப்பிட வேண்டும், எது வந்தால் நேரே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்? உதடோ முகமோ வீங்கினால், மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது என்பது நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

போன மாதம் அப்பாவுக்குக் கண் அழுத்தத்துக்காக டிமோலால் சொட்டு மருந்து கொடுத்தார்கள். அது நாடித்துடிப்பைக் குறைக்கக் கூடியது. வீட்டுக்கு வந்து நான் நோட்டைத் தேடினால், அது அப்பா கையில் இருந்தது. இடப்பக்கம் சொட்டு மருந்தின் பெயரும் தேதியும். வலப்பக்கம் கோணல்மாணலாக, "நாடி 72. தலைசுற்றல் இல்லை."