ரன்னிங் ரூமில் ஜார்ஜ் பெர்னாண்டஸ்

நான் ரயில்வேயில் உதவி டிரைவராகச் சேர்ந்தது எண்பதுகளின் நடுவில். அப்போதும் ரன்னிங் ரூமில், அதாவது டிரைவர்கள் வெளியூரில் தங்கி ஓய்வெடுக்கும் இடத்தில், மூத்த டிரைவர்கள் இரண்டு கட்சிதான், 1974 ரயில்வே ஸ்டிரைக்கில் வேலைக்குப் போனவர்கள், போகாதவர்கள். ஒருத்தர் சமைத்ததை இன்னொருத்தர் தொட மாட்டார். ஜார்ஜ் பெர்னாண்டஸ் பெயரை நான் பேப்பரில் படித்ததைவிட அங்கே கேட்டதுதான் அதிகம்.

பாதிரியார் ஆவதற்குப் படிக்கப் போய், அதை விட்டுவிட்டு பம்பாய் வந்து, பிளாட்பாரத்தில் படுத்துத் தொழிற்சங்கம் கட்டிய மங்களூர்க்காரர். 1974இல் அகில இந்திய ரயில்வே தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவர். ஸ்டிரைக் மே 8ஆம் தேதி என்றால் இவரை 2ஆம் தேதியே பிடித்துவிட்டார்கள். அப்படியும் சுமார் 17 லட்சம் பேர் இறங்கினார்கள். டிரைவர்களுக்கு எட்டு மணி நேர வேலை, எல்லாருக்கும் போனஸ், இவைதான் முக்கியக் கோரிக்கைகள். ஆயிரக்கணக்கில் கைது, டிஸ்மிஸ், குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றம் என்று போய், 27ஆம் தேதி கைக்கு எதுவும் வராமலே முடிந்தது.

தோற்ற ஸ்டிரைக் என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 1977இல் ஜனதா ஆட்சி வந்ததும் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே, அவரும் சோஷலிஸ்ட்தான், டிஸ்மிஸ் ஆனவர்களைத் திரும்ப எடுத்தார். 1979இல் போனஸும் வந்தது. ஜார்ஜோ எமர்ஜென்சியில், அரசை எதிர்த்து வெடி வைக்கச் சதி செய்ததாகப் போட்ட பரோடா டைனமைட் வழக்கில் ஜெயிலுக்குள் இருந்தபடியே முசாபர்பூரில் மூன்று லட்சத்துக்கும் மேல் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து, தொழில்துறை அமைச்சரானார். அதே மனிதர் 1979 ஜூலையில் மொரார்ஜி தேசாயின் அந்த ஜனதா அரசை ஆதரித்து நாடாளுமன்றத்தில் வெளுத்து வாங்கிவிட்டு, கையோடு ராஜினாமாவும் செய்தார். அப்புறம் பாஜக கூட்டணி, பாதுகாப்பு அமைச்சர் பதவி. போகாதவர்கள் கட்சியிலேயே இதற்காக அவரைத் திட்டியவர்கள் உண்டு.

1989 டிசம்பரில் அவரே ரயில்வே அமைச்சர் ஆனபோது டிரைவர்கள் டியூட்டிக்குக் கையெழுத்துப் போடும் லாபியில் ஒரே கொண்டாட்டம், இனி எட்டு மணி நேரம் வந்துவிடும் என்று. பதவியில் இருந்தது ஒரு வருஷம்கூட இல்லை. அதற்குள் இன்ஜினியர் ஸ்ரீதரனைக் கூப்பிட்டு, மேற்குக் கரையோரம் போகும் கொங்கண் ரயில்வேயைத் தொடங்கி வைத்தார், 1998இல் முழுப் பாதையும் ஓடியது. பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் எட்டு மணி நேரம் வரவில்லை. நான் ரிட்டயர் ஆகும்வரை வரவில்லை, இப்போது லோகோ பைலட் என்று சொல்லப்படும் டிரைவர் பசங்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.