டான்ஸ்போர்க் கோட்டைக்காக ஒரு மாதிரிச் சுவர்: சுண்ணாம்பா, சிமெண்டா?

தரங்கம்பாடி டான்ஸ்போர்க் 1620-இல் டேனியர் கட்டியது. 1845-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது, பிறகு பயணியர் விடுதி, இன்று தொல்லியல் துறை அருங்காட்சியகம். குடியிருப்பவர் யாரானாலும் செங்கல்லை அரிப்பது கடல் உப்புதான். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் சோதனை செய்ய முடியாது. அதனால் உப்பேறிய பழைய செங்கல்லில் தனிச் சுவர் எழுப்பி, 1 சதுர மீட்டர் வீதம் இரண்டு பூச்சு.

முதலில் உப்பை இழுக்க வேண்டும். உப்பில்லாத தண்ணீரில் ஊறவைத்த காகிதக் கூழை 10–15 மி.மீ. கனத்தில் அப்பி, காய்ந்து தானாகப் பெயரும்வரை விட்டு எடுத்தல். எடுத்த கூழை ஒரே அளவு நல்ல நீரில் கரைத்து டி.டி.எஸ். மீட்டரில் (நீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) பார்த்தால், சுற்றுக்குச் சுற்று எண் இறங்க வேண்டும். கடலோர ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் செய்தால் உப்பை ஊட்டுவதாகிவிடும்!

15 மி.மீ. பூச்சுக்கு 5 லிட்டர் நீற்றிய சுண்ணாம்பு விழுது, 15 லிட்டர் கழுவிய ஆற்றுமணல். 20 லிட்டர் வராது. சுண்ணாம்பு மணலின் இடுக்கில் புகுந்துகொள்ளும், கைக்கு 15–16 லிட்டர்தான். அடிப்பூச்சுக்கு மணலில் மூன்றில் ஒரு பங்கைச் செங்கல்தூளாக மாற்றலாம். மிகவும் வெந்த செங்கல்லின் தூள் வேலைக்கு உதவாது. கடுக்காய், வெல்லத் தண்ணீரில் கை தாராளமானால் இறுகவே நாளாகும்.

இரண்டாம் நாள் வலைவலையாக வெடிப்பு. நீர் கூடியதுதான் காரணம். கட்டைவிரல் பதியாத பதத்தில் மணியாஸ் கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் மரப்பலகை) அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். ஒரு வாரம் ஈரச் சாக்கு. உள்ளே இறுகுவது மாதத்துக்கு ஏறத்தாழ 1 மி.மீ.; உடைத்த முனையில் பினாப்தலின் (காரத்தில் நிறம் மாறும் கரைசல்) விட்டால் இறுகாத பகுதி இளஞ்சிவப்பாகும்.

1:4 சிமெண்ட் பூச்சு பார்க்க அழகு, தட்டினால் பொள்ளல் ஓசை. ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் தோலோடு பெயர்கிறது. சுண்ணாம்பில் உப்பு வெளிமுகத்தில் பூக்கும். துடைப்பத்தால் தட்டலாம், பூச்சே உதிர்ந்தாலும் மறுபடி பூசலாம், செங்கல் தப்பிக்கும்.

கோட்டை அருங்காட்சியகத்தின் காட்சி அறைக்கு ஏ.சி. கேட்பார்கள். சோற்றுப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் கரையும், கீழே படிகமாகும். பகலில் ஏ.சி., இரவில் நிறுத்தம் என்றால் உப்பு தினம் ஒருமுறை கரைந்து படிகமாகும். சன்னலும் மின்விசிறியும் போதும். மின்குழாய்க்குச் சுவரை வெட்டக் கூடாது. குழாயைச் சுவர்மேல் பிடிக்கத் துருப்பிடிக்காத எஃகு திருகு, அதுவும் செங்கல்லில் அல்ல, காரை இணைப்பில்.