அப்பாயியின் தகரப்பெட்டி: கோத்தகிரி நாட்குறிப்பு

2025 நவம்பர் 2, ஞாயிறு

மழை விடவில்லை. அப்பாயியின் தகரப்பெட்டியைத் திறந்ததுமே பூஞ்சை வாடை. இந்த ஊர்க் குளிரில் மூடிவைத்த துணியே பூத்துவிடும், தாள் எம்மாத்திரம்? அடுப்படியை ஒட்டிய அறையில் வெள்ளை வேட்டி விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். இரண்டு பாஸ்போர்ட், இலங்கையிலிருந்து திரும்பி வந்தபோது மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, அங்கே தோட்டத்தை விட்டு வரும்போது வாங்கிய பத்துச்சீட்டு, நீலக் கடிதங்கள் ஒரு கட்டு, புகைப்படம் பதினொன்று.

வெயில் வந்தால் காயவைக்கலாம் என்றார் சித்தப்பா. வேண்டாம் என்றேன். வெயில் பட்டால் மை வெளுத்துவிடும், காற்றோட்டம் போதும். கடிதங்களைக் கோத்திருந்த குண்டூசி துருவேறித் தாளோடு ஒட்டியிருந்தது. அதை மட்டும் எடுக்க அரை மணி நேரம் ஆனது. எடுத்த இடத்தில் காபிக் கறை போல ஒரு வட்டம்.

நவம்பர் 4, செவ்வாய்

இன்று மனசு சரியில்லை. குடும்ப அட்டையை எப்போதோ ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்திருக்கிறார்கள். சூட்டில் முத்திரை மை பரவி, தேதி ஊதா நிறக் கறையாகிவிட்டது. பிரிக்கப்போனால் தாளும் சேர்ந்து வந்துவிடும். செய்தது சித்தப்பாதான். அவரைக் குறை சொல்ல முடியாது. ஓட்டு வீடு ஒழுகிய காலத்தில் நெஞ்சோடு அணைத்துக் காப்பாற்றியவரும் அவர்தான். இனி எதற்கும் லேமினேஷன் கிடையாது, செல்லோடேப் கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

இந்த அட்டைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று என் மகள் கேட்டாள். சொன்னேன். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால், இங்கிருந்து தோட்ட வேலைக்குப் போன மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த 5,25,000-இல் நம் வீட்டு ஆட்கள் ஐந்து பேர். அதற்கு நம்மிடம் இருக்கிற சாட்சி இந்த அட்டை.

நவம்பர் 9, ஞாயிறு

அப்பாயி மத்தியானம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட்டில் "ஐயா" என்று முடிகிற தாத்தா பெயர் அட்டையில் "ஐயன்" என்று முடிகிறது. எது சரி என்று கேட்டேன். "கூப்பிட்டா ரெண்டுக்கும் திரும்பிப் பார்ப்பாரு" என்றார். இரண்டையும் எழுதி, எந்தத் தாளில் எது என்று குறித்துவிட்டேன்.

அப்பாயி பிறந்த வருஷம் அவர் பாஸ்போர்ட்டில் 1945. அவரோ சித்திரபானு வருஷம் தை மாசம் என்று அடித்துச் சொல்கிறார். சித்திரபானு 1942 ஏப்ரலில் தொடங்குகிறது. அந்தத் தை என்றால் 1943 ஜனவரி, பிப்ரவரி. தோட்டத்தில் யாரோ குத்துமதிப்பாகப் போட்ட வருஷத்தைவிட அவர் அம்மா சொல்லிக்கொடுத்த வருஷத்தைத்தான் நான் நம்புகிறேன்.

அப்புறம் ஒரு சிக்கல். கப்பலை விட்டு தனுஷ்கோடியில் இறங்கினோம் என்றார். இவர்கள் வந்தது 1972-இல். 1964 டிசம்பர் புயலிலேயே தனுஷ்கோடி அழிந்துபோனதே, அதற்குப் பிறகு தலைமன்னார்க் கப்பல் ராமேஸ்வரத்துக்கு அல்லவா வந்தது? மெதுவாகக் கேட்டேன். கண்ணை மூடி யோசித்தார். "அது எங்கம்மா போன கதை. தனுஷ்கோடியில கப்பல் ஏறினது அவங்க." இரண்டு தலைமுறைப் பயணம் அவர் மனசில் ஒன்றாகக் கலந்திருக்கிறது. நல்லவேளை, இன்றைக்குக் கேட்டேன். அப்பாயியின் அம்மா, என் பூட்டி, துறையூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பி மண்டபம் முகாமில் தங்கிக் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கைத் தோட்டத்துக்கு, போயிருக்கிறார். மகள் திரும்பி வந்து தங்கியதும் அதே மண்டபத்தில்.

நவம்பர் 12, புதன்

ஜன்னல் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்தேன். புகைப்படங்களை மட்டும் ஸ்கேன் செய்யக் கொடுக்க வேண்டும், 600 டிபிஐ. கோப்புப் பெயரில் முதலில் வருஷம், பிறகு என்ன தாள், யாருடையது. எங்கள் வீட்டில் பேரனுக்குத் தாத்தா பெயர்தான். அதனால் ஒரே பெயர் மூன்று இடத்தில் வருகிறது. இனிஷியலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். ஆகவே பெயரோடு பிறந்த வருஷத்தையும் சேர்த்துவிட்டேன். படங்களின் பின்புறம் பென்சிலால் மட்டும், ஓரத்தில், அழுத்தாமல்.

நவம்பர் 16, ஞாயிறு

கடிதங்களைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தேன். அத்தனையும் அப்பாயியின் தங்கை இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதியவை. "நாங்க கண்டிக்குப் போயி இந்தியாவுக்கு எழுதிக்குடுத்தோம். அவ மாமியார் வீட்டுல இலங்கைக்கு எழுதினாங்க" என்றார் அப்பாயி. அவ்வளவுதான், ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு) வளர்ந்தவர்கள் பிரிந்துவிட்டார்கள். கோச்சி கிளம்பும்போது தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாராம். அந்த ரயிலுக்கே அங்கே அழுகைக் கோச்சி என்றுதான் பெயர்.

கடைசிக் கடிதம் 1983 மே மாதம். "ஐந்தாவதும் சுகமாய்ப் பிறந்தது. பெயர் இன்னும் வைக்கவில்லை, வைத்ததும் எழுதுகிறேன்." அந்த ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம். அதன் பிறகு எந்தக் கடிதமும் வரவில்லை.

சார்ட் தாளில் அந்தக் கிளையை வரைந்தேன். நான்கு பிள்ளைகளின் பெயரை அப்பாயி வரிசையாகச் சொன்னார். ஐந்தாவதற்கு ஒரு கட்டம் போட்டு, 1983 என்று மட்டும் பென்சிலால் எழுதினேன். ஆணா பெண்ணா என்று கேட்டார் அப்பாயி. கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். அதுவும் எழுதியிருக்கவில்லை.